கேஸ் வெளியே, தண்ணீர் உள்ளே

என் மாமனார் எதையும் தூக்கிப் போடாதவர். 2008 மாடல் பெட்ரோல் காரை அவர் எங்களிடம் கொடுத்தபோது, டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய பில்களும் சேர்ந்து வந்தன. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறக்கும் நேரத்தில் ‘ஏசி கேஸ் ஃபில்லிங்’ என்று ஒரு பில். ஐப்பசி, கார்த்திகையில் ‘வாட்டர் லீக் செக்கிங், சீலன்ட்’ என்று ஒரு பில். நடுவில் மேட் மாற்றியதற்கு, நாற்றத்துக்கு பெர்ஃப்யூம் வாங்கியதற்கு. கடை மாறியிருக்கிறது, தொகை ஏறியிருக்கிறது, வேலை மட்டும் அதேதான்.

கார் ஏசியில் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. முன்பக்க கண்டன்சரில் சூட்டை இழந்து திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காரின் உள்ளே உள்ள சூட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. மூடிய சுற்று. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். அது இயல்புதான், அதனால் கூலிங் குறைய பல வருஷம் ஆகும். வருஷா வருஷம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நிரப்புகிறவருக்கும் இது தெரியும். “கேஸ் அடிச்சு விட்டுடவா சார்?” என்பார். சித்திரை வெயிலில் நிற்கிற எவரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

அதற்காக ஏசி குளிரவில்லை என்றாலே கேஸ்தான் என்றும் முடிவு கட்டக் கூடாது. வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறதா? முதலில் ரேடியேட்டர் பக்கத்து மின்விசிறியைப் பாருங்கள். ஏசி போட்டதும் அது சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டாரோ, ரிலேயோ, ஃபியூஸோ. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு காற்றே குறைந்துபோய், பத்து நிமிஷம் அணைத்து வைத்தால் மறுபடி சரியாகிறதா? காயிலில் ஐஸ் கட்டுகிறது; பெரும்பாலும் அதன் வெப்பத்தை அளக்கும் சென்சர் கெட்டிருக்கும். காலையில் குளிர்ந்து, எஞ்சின் நன்றாகச் சூடானதும் கம்ப்ரஸர் ‘டக்’ என்று பிடிக்காமல் போகிறதா? பழைய வண்டிகளில் மேக்னடிக் கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடிவிடும், சூட்டில் காந்தத்தின் இழுவையும் குறையும். உள்ளே ஒரு மெல்லிய வளையத்தை எடுத்து இடைவெளியைக் குறைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். ப்ளோயர், அதாவது காற்றை உள்ளே தள்ளும் விசிறி, நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை என்றால் கோளாறு அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரில். இவை எதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் இந்த நான்குக்கும் கேஸ் அடித்துக் காசு வாங்கிய கடைகள் உண்டு.

எங்கள் வண்டியில் உண்மையிலேயே கேஸ்தான் போய்க்கொண்டிருந்தது. சித்திரையில் நிரப்பினால் ஆடியில் வெதுவெதுப்பு, தீபாவளிக்கெல்லாம் வெறும் ஃபேன். கூடவே இடது பக்க முன் சீட்டின் கால் வைக்கும் இடம் எப்போதும் ஈரம். இரண்டையும் தனித்தனிக் கோளாறாகவே எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஏசி கடைக்காரர் ஏசியைப் பார்த்தார், டிங்கரிங் கடைக்காரர் தண்ணீரைப் பார்த்தார்.

தாம்பரம் பக்கம் கார் ஏசி வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். “பாய், கேஸ் நிரப்ப வேண்டாம், ஓட்டையைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “இப்படிக் கேக்குறவங்க கம்மி சார். அப்போ வண்டியை விட்டுட்டுப் போங்க, அவசரப்படுத்தாதீங்க” என்றார். கசிவு தேடுவதற்குத் தனிக் கூலி என்று பேசிக்கொள்வது பெரிய வசதி. இல்லாவிட்டால் அவருக்கும் கேஸ் நிரப்பி அனுப்பினால்தான் வருமானம்.

அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டியதும் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று. அணைத்து வைத்த வண்டியில், சுமார் 30 டிகிரி வெப்பத்தில், இந்தக் கார்களில் வரும் ஆர் 134ஏ கேஸ் 95 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) பக்கத்தில் காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை அந்த எண் மாறாது; கால்வாசி இருந்தாலும் அதுதான், முழுசாக இருந்தாலும் அதுதான். எனவே “பிரஷர் நல்லா இருக்கே” என்பதை வைத்து அளவு சரி என்று சொல்ல முடியாது. ஓடும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். நம்மூர் மதிய வெயிலில் தாழ்வழுத்தப் பக்கம் 30 முதல் 45 வரையும், உயரழுத்தப் பக்கம் 200 முதல் 250 வரையும் இருந்தால் ஏறக்குறையச் சரி. எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கீழே கிடந்தது.

கசிவைத் தேடுவதில் அவருடைய முதல் கருவி கண்தான். கேஸோடு சேர்ந்து கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றிக்கொண்டிருக்கும். கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் கசிந்து, அதில் தூசி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். பைப் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பகுதி, கண்டன்சரின் மூலைகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்டன்சரில் ஒன்றும் இல்லை. கடற்கரை ஓரம் ஓடுகிற வண்டியாக இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் வரும்; உப்புக் காற்று அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கிவிடும்.

அடுத்து, கேஸ் ஏற்றும் வாய்கள். சைக்கிள் டியூப் வால்வு மாதிரி உள்ளே ஒரு பின் இருக்கும். அதன் மேல் சோப்பு நுரையை வைத்தார். ஒரு வாயில் நிதானமாக ஒரு குமிழி ஊதி வந்தது. மூடி எப்போதோ தொலைந்திருக்கிறது. அந்த மூடி வெறும் தூசிக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறது, அதுதான் இரண்டாவது அடைப்பு. பின்னையும் மூடியையும் மாற்ற ஆனது மிகச் சொற்பம். ஆனால் இந்தச் சின்னக் கசிவு மட்டுமே மூன்று மாதத்தில் கூலிங்கைக் காலி செய்திருக்காது என்று அவர் நிறுத்தவில்லை.

மிச்சமிருந்த கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றினார். 150 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி, வால்வை மூடி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து பார்த்தால் முள் இறங்கியிருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், பல கடைகளில் வேக்கம் போட்டு, அதாவது உள்ளே இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி எடுத்து, முள் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். வேக்கத்தில் ஓட்டையின் மேல் விழும் அழுத்தம் வெறும் 15 பிஎஸ்ஐ, அதுவும் வெளியிலிருந்து உள்ளே. உள்ளிருந்து தள்ளும்போது திறக்கிற ஓட்டை அப்போது மூடியிருக்கலாம். இன்னொன்று, பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றை ஏற்றிப் பார்க்க விடாதீர்கள். அதில் இருக்கிற ஈரம் முழுக்க உள்ளே போய்விடும். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுகிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதே உத்தமம். எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

வெளியே எங்குமே நுரை வரவில்லை. மிச்சம் இருப்பது டேஷ்போர்டுக்குள். அதை இறக்காமலே உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஆர் 134ஏ காற்றை விடக் கனமானது. கொஞ்சம் கேஸ் ஏற்றி, ஏசியை ஓட்டி அணைத்து, சற்று நேரம் விட்டால், கூலிங் காயிலிலிருந்து கசிகிற கேஸ் அடியில் தேங்கி, ஏசித் தண்ணீர் வெளியே சொட்டும் குழாய் வழியாக இறங்கும். அங்கே எலக்ட்ரானிக் கசிவுமானியின் மூக்கை நீட்டினால் கத்தும். கத்தியது. கசிவுமானி இல்லாத கடையில், எண்ணெயோடு ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, சொட்டுகிற தண்ணீரைப் புற ஊதா டார்ச்சில் பார்ப்பார்கள். பச்சையும் மஞ்சளுமாக மின்னினால் காயில்தான்.

டேஷ்போர்டை இறக்குவது என்றால் பாதி கார் கழன்று வெளியே வருகிற வேலை. சில பழைய சிறிய கார்களில் டேஷ்போர்டு பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு அடியிலிருந்தே காயிலை உருவலாம். எங்கள் வண்டிக்கு அந்த யோகம் இல்லை. காயில் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டியபோதுதான் எனக்கு அந்த பில் கட்டு முழுதாகப் புரிந்தது. காயிலின் முகப்பு தெரியவே இல்லை. மக்கிய வேப்பிலை, காம்பு, பூ, மகரந்தம், தூசி எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஒரு களிமண் படலம். அடித்தட்டில் அதே சேறு தேங்கி, தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்திருந்தது. படலத்தைச் சுரண்டினால் அலுமினியத்தில் வெள்ளையாகப் பூத்து, ஊசித் துளைகளாக அரிப்பு. வருஷக்கணக்கில் எப்போதும் ஈரமாக, மக்கும் இலையின் அமிலத்தில் ஊறிய அலுமினியம் வேறு எப்படி இருக்கும்?

இலை அங்கே போன வழி இதுதான். வைப்பர்களுக்குக் கீழே, பானட்டும் முன்கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஜாலி இருக்கிறதல்லவா, ஏசிக்கும் ஹீட்டருக்கும் வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தக் காலத்துச் சிறிய கார்கள் பலவற்றில் அந்தக் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் கிடையாது. மாமனார் வீட்டு வாசலில் பெரிய வேப்பமரம். வண்டி அதன் நிழலில்தான் நிற்கும். பங்குனியில் இலை கொட்டும், பிறகு பூக்கொட்டும். ஜாலியில் விரிசல், அதன் வழியாக எல்லாம் உள்ளே. மழை வந்தால் அதே பள்ளத்தில் விழும் தண்ணீர் இரண்டு மூலையிலும் உள்ள துளைகள் வழியாக மட்கார்டுக்குள் இறங்கி ரோட்டுக்குப் போக வேண்டும். அந்தத் துளைகளையும் இலை அடைத்துவிட்டது. தண்ணீர் நிறைந்து, காற்று போகும் வாய் வழியாக ப்ளோயருக்குள் வழிந்து, இடது பக்கக் காலடியில் ஊற்றியது. கேஸ் போனதும், ஏசித் தண்ணீர் உள்ளே கொட்டியதும், மழைத் தண்ணீர் உள்ளே வந்ததும் ஒரே குப்பையால். மூன்று பேரிடம் போய் மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

காயிலை மாற்றும்போது கூடவே செய்ய வேண்டியவற்றைக் கறாராகப் பேசிவிடுங்கள். சுற்றைத் திறந்தால் ரிசீவர் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். அதற்குள் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்பவை; திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்திலேயே நிறைந்துவிடும். கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங், அதுவும் ஏசிக்கென்று வரும் பச்சையோ கறுப்போ ரப்பர் வளையம், எண்ணெய் தடவி. கடையில் கையில் கிடைத்த சாதாரண வாஷர் கூடாது. பழைய காயிலோடு எவ்வளவு எண்ணெய் வெளியே போனதோ, அவ்வளவு புது எண்ணெய். எக்ஸ்பான்ஷன் வால்வு காயிலின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு முறை டேஷ்போர்டை இறக்குவதற்குப் பதில் அதையும் இப்போதே மாற்றிவிடலாம். நான் மாற்றினேன்.

பிறகு வேக்கம். ஐந்து நிமிஷம் போட்டுவிட்டு கேஸ் அடிப்பவர்கள்தான் அதிகம். வேக்கம் போடுவது காற்றை எடுக்க மட்டும் இல்லை, ஈரத்தை எடுக்கவும்தான். வேக்கம் கேஜ் 29 அங்குலம் (பாதரச அளவில்) தாண்டிக் காட்டும்போது உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் நம்மூர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். அதற்கு நேரம் வேண்டும், அரை மணி நேரமாவது. ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். ஆடி மாதக் காற்றிலேயே எவ்வளவு ஈரம் என்பது சென்னையில் சட்டை போடுகிறவர்களுக்குத் தெரியும்.

கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். பானட்டின் அடியிலோ ரேடியேட்டர் மேல் தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், கேஸ் வகை, கிராம் கணக்கு இரண்டும் அதில் உண்டு. சிறிய கார்களில் பெரும்பாலும் 400, 500 கிராம் என்ற அளவில்தான் இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து ஏற்றினால் முடிந்தது. “பைப் ஜில்லுனு ஆயிடுச்சு, போதும்” என்று கையால் தடவிப் பார்த்து நிறுத்துகிறவர்களிடம் கூடுதலாகத்தான் ஏறும். கூடினாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் திணறும்.

விலை மலிவாகச் சொன்னால் சிலிண்டரைப் பாருங்கள். சமையல் கேஸ் வகைக் கலவையை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர் நன்றாகவே வரும். ஆனால் அது தீப்பற்றுகிற சரக்கு, காயிலில் கசிந்தால் நேராக நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வரும். அதைவிட மோசம், மெத்தில் குளோரைடு கலந்த போலி ஆர் 134ஏ. அது அலுமினியத்தோடு வினைபுரியும். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போனதற்கு இந்தக் கலப்படம்தான் காரணம். பழைய கேஸைத் திறந்து காற்றில் விடுவதும் இங்கே சர்வசாதாரணம். ஆர் 134ஏ கரியமில வாயுவைப் போல சுமார் 1,400 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்; அரை கிலோவை ‘உஸ்’ என்று விடுவதற்கு முன் அதை ஞாபகப்படுத்தினால் மீட்பு இயந்திரம் இருக்கிற கடையைத் தேடத் தோன்றும். பாயிடம் ஒன்று இருக்கிறது, பழையது, சத்தம் அதிகம்.

கம்ப்ரஸர் போயிருந்தால் கணக்கே வேறு. புதுசு வாங்கினால் பழைய காரின் மதிப்பில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். வாங்கும் முன் முன்பக்க கிளட்ச் தட்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே சீராக, லேசான எதிர்ப்போடு சுற்ற வேண்டும். வாயைத் திறந்து எண்ணெயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளி மினுமினுப்போ கறுப்புப் பொடியோ இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் வண்டியின் கம்ப்ரஸர் உள்ளே நொறுங்கிப் போயிருந்தால் அந்தப் பொடி கண்டன்சரின் மெல்லிய வழிகளில் போய் உட்கார்ந்திருக்கும், கழுவினாலும் வராது. கண்டன்சரையும் சேர்த்து மாற்றாமல் புது கம்ப்ரஸர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இனி தண்ணீர். காரின் உள்ளே ஈரம் என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள். வைகாசியில் ஈரமானால் ஏசி. கார்த்திகையில் ஈரமானால் மழை. இரண்டிலும் ஈரமானால் இரண்டும். ஈரத்தைத் தொட்டு மோந்தும் பாருங்கள். பிசுபிசுப்பும் ஒருவித இனிப்பு வாடையும் இருந்து, முன்கண்ணாடியும் அடிக்கடி மங்கினால் அது தண்ணீரே இல்லை, ஹீட்டர் காயிலில் இருந்து கசியும் கூலன்ட். அதைத் தள்ளிப்போட்டால் எஞ்சின் சூடேறிப் படுத்துவிடும்.

ஏசித் தண்ணீர் எளிது. நல்ல புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடச் சொட்டும். ஏசி போட்டு நிறுத்தினால் காருக்கு அடியில், இடது முன்பக்கம், குளம் கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் அது உள்ளேதான் போகிறது. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டில் இருந்து, எஞ்சின் பக்கம் ஒரு சின்ன ரப்பர் முழங்கைக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இலைச் சேறு மட்டும் இல்லை, குளவிக் கூடும் அதை அடைக்கும். அடித்தகட்டுக்குத் துருத் தடுப்பு கோட்டிங் அடிக்கும்போது அந்தக் குழாயின் வாயில் டேப் ஒட்டாமல் அடித்து மூடிவிட்டவர்களும் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் டியூபை விட்டு மெதுவாகத் துழாவினால் போதும். ஏர் கன்னை வைத்து அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், அப்புறம் டேஷ்போர்டுதான்.

மழைத் தண்ணீர்தான் வேலை வாங்கும். ஈரம் தெரிகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே ஒரு இடுக்கில் நுழைந்து, வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கார்ப்பெட் அடியில் ஓடி, தரையின் மிகப் பள்ளமான இடத்தில் போய்த் தேங்கும். அதனால் சீலன்ட் குழலைக் கையில் எடுப்பதற்கு முன் ஹோஸ் சோதனை. கார்ப்பெட்டை விலக்கி வெறும் தகட்டைக் காய வைத்து, சந்தேகமான விளிம்புகளில் முகப்பவுடரைத் தூவி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். வெளியே இருப்பவர் வேகம் இல்லாத தண்ணீரை, கீழிருந்து தொடங்கி மேலே, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிஷம் விட வேண்டும். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் வழிந்து எது எதென்று தெரியாது. என் மகள்தான் உள்ளே உட்கார்ந்தாள். “அப்பா, ஸ்பீக்கருக்குக் கீழே கோடு போடுது!” என்று கத்தியது அவள்தான், பவுடரில் தண்ணீர் போன தடம் அப்படியே தெரிந்தது.

இலைக் குப்பையைத் தவிர மழைத் தண்ணீருக்கு இன்னொரு வழியும் இருந்தது, பின்கதவு. கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக எப்போதும் உள்ளே இறங்கும், கதவின் அடிவிளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாள்தான் அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் காக்கிறது. ஸ்பீக்கர் மாற்றியவரோ, கண்ணாடி மோட்டாரைச் சரிசெய்தவரோ அதைக் கிழித்து எடுத்துவிட்டு அட்டையை மூடிவிட்டிருக்கிறார். ஓட்டை இல்லை, கதவு விளிம்பின் ரப்பர் பீடிங் நன்றாக இருக்கிறது, ஆனாலும் தண்ணீர். கனமான பாலிதீனை அளவுக்கு வெட்டி பிசின் மாதிரி ஒட்டும் ப்யூட்டில் ரப்பர் டேப்பால் ஒட்டினோம். கதவின் அடித்துளைகளில் அடைந்திருந்த மண்ணையும் குச்சியால் எடுத்தோம். இந்த மொத்த வேலைக்கும் ஆன செலவு, முன்பு ஒரு தடவை அதே கதவின் பீடிங்கை மாற்ற மாமனார் கொடுத்ததைவிடக் குறைவு. பீடிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவைக் கொஞ்சம் உள்தள்ளினாலே சரியாகலாம்.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் தூக்கிப் பாருங்கள். பின்விளக்கின் ரப்பர் காய்ந்து போனால் தண்ணீர் அங்கேதான் சேரும். ஜாக்கி துருப்பிடித்துக் கிடந்தால் எத்தனை மழை ஆயிற்று என்று புரியும். அடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. குளியலறை சிலிக்கானில் புளிச்ச வினிகர் வாடை வருகிறதே, அந்த வகை தகட்டில் துருவைக் கிளப்பும். பாடி வேலைக்கென்று வரும் பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். முன்கண்ணாடி விளிம்பில் கசிவு என்றால் மேலே பூசி மூடுவதால் பயனில்லை. அடியில் தகடு துருத்திருக்கும், கண்ணாடியை எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துத் திரும்ப ஒட்ட வேண்டும்.

ஓட்டையை அடைத்தபின் உலர்த்துவது தனி வேலை, அதைச் சோம்பல்பட்டு விடுகிறவர்கள்தான் பெர்ஃப்யூம் வாங்குகிறார்கள். கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும், அடியில் உள்ள தடித்த கம்பளிப் பஞ்சு மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, இரண்டையும் வெளியே எடுத்து மொட்டை மாடியில் போட வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் வயர் இணைப்பு இருந்தால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது; பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் தொடுங்கள். தகட்டில் துரு இருந்தால் வயர் பிரஷ், துரு மாற்றி, ஜிங்க் பிரைமர், பெயின்ட் என்ற வரிசை. துருவின் மேலேயே தார் கோட்டிங் பூசினால் அது துருவைப் பத்திரமாக மூடி வளர்க்கும். டேஷ்போர்டின் அடியில் ஃபியூஸ் பெட்டி, வயர் இணைப்புகள் எல்லாம் இந்த ஈரத்தைத்தான் சுவாசிக்கின்றன. ஹார்ன் தானாக அடிப்பது, சென்ட்ரல் லாக் திடீரென்று திறப்பது போன்ற பேய் வேலைகளுக்கு முதலில் அங்கே பச்சை பூத்த பின்களைத் தேடுங்கள்.

இதெல்லாம் மேலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் போல வெள்ளம் சீட் வரை ஏறினால் அது வேறு கதை. சாவியைத் திருப்பாமல், தள்ளிக்கொண்டு போய், காப்பீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

மொத்தம் 14,000 சொச்சம் ஆனது, காயில், வால்வு, டிரையர், கேஸ், டேஷ்போர்டு இறக்கி ஏற்றிய கூலி எல்லாம் சேர்த்து. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கவும் பசுமை வரிக்கும் ஏற்கெனவே கட்டியாயிற்று, இன்னும் சில வருஷம் ஓட்டப் போகிறோம் என்றால் இது நியாயமான செலவு என்றே நினைக்கிறேன். கம்ப்ரஸரும் சேர்ந்து போயிருந்தால் யோசித்திருப்பேன். டேஷ்போர்டு வெளியே இருந்தபோதே ப்ளோயர் பெட்டியில் ஃபில்டருக்கான இடம் வார்ப்பிலேயே இருப்பதைப் பாய் காட்டினார். கம்பெனி ஒரு பிளாஸ்டிக் தடுப்பை வைத்து மூடியிருக்கிறது. அதை வெட்டி, உயர்ந்த மாடலுக்கு வரும் ஃபில்டரைச் செருகினோம். விரிசல் விட்ட ஜாலியையும் மாற்றியாயிற்று. பங்குனியிலும் புரட்டாசிக் கடைசியிலும் பானட்டைத் திறந்து, அந்தப் பள்ளத்தில் கையை விட்டு இலையை அள்ளி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்கச் சக்கரத்துக்குப் பின்னாலும் அது கொட்டுகிறதா என்று பார்க்கிறேன். மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியை ஓட்டுகிறேன். எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும், கண்ணாடியில் படியும் ஆவியும் அதில்தான் போகிறது. டேஷ்போர்டை இறக்கி ஏற்றியதில் இடது ஓரத்தில் எங்கோ ஒரு கிளிப் உட்காரவில்லை, மேடு பள்ளத்தில் கிறீச்சிடுகிறது. பாயிடம் சொன்னேன். “கொண்டாங்க சார், பாத்துக்கலாம்” என்றிருக்கிறார்.